கார்ன் ஃபிளேக்ஸ் எதற்காகப் பிறந்தது? டாக்டர் கெல்லாக்கின் மதமும் மருத்துவமும்

சமூக வலைத்தளங்களில் ஒரு செய்தி சில மாதங்களுக்கு ஒருமுறை தலைதூக்கும்: 'சுயஇன்பப் பழக்கத்தைத் தடுப்பதற்காகவே கார்ன் ஃபிளேக்ஸ் கண்டுபிடிக்கப்பட்டது.' கூடவே வெள்ளைக் கோட்டும் வெள்ளைத் தாடியுமாக ஒரு முதியவரின் படம். இயற்கை உணவு ஆர்வலர்களின் பதிவுகளில் இதே முதியவர் வேறு கோலத்தில் வருவார். நார்ச்சத்து, உடற்பயிற்சி, புகையிலை எதிர்ப்பு எல்லாவற்றையும் நூறாண்டுக்கு முன்பே சொன்ன முன்னோடி என்று அங்கே அவருக்குப் பெயர். மூன்றாவது கோலமும் உண்டு: மனிதரைத் தகுதியுள்ளவர், தகுதியற்றவர் என்று பிரித்த இனவாதி.

மூன்றும் ஒரே ஆள்தான். பெயர் ஜான் ஹார்வி கெல்லாக். 1852இல் பிறந்து 1943இல், 91 வயதில் இறந்த அமெரிக்க மருத்துவர். அவர் சொன்ன நல்லதும் செய்த கொடுமையும் ஒரே நம்பிக்கையிலிருந்து முளைத்தவை. அந்த நம்பிக்கை எது, எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் குழப்பம் பெருமளவு தீரும்.

## முதலில் நான்கு சொற்கள்

1. ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபை. 1844 அக்டோபர் 22 அன்று கிறிஸ்து திரும்பி வருவார் என்று வில்லியம் மில்லர் என்ற போதகரைப் பின்பற்றியவர்கள் அமெரிக்காவில் காத்திருந்தார்கள். வரவில்லை. கலைந்துபோன அந்தக் கூட்டத்தில் ஒரு பகுதியினர் பிறகு ஒன்றுகூடி, 1863இல் மிச்சிகன் மாநிலத்தின் பேட்டில் கிரீக் என்ற சிற்றூரில் முறையாக நிறுவிய சபை இது. சனிக்கிழமையை ஓய்வுநாளாக அனுசரிப்பவர்கள். திருநெல்வேலிச் சீமையில் நாசரேத், பிரகாசபுரம் பக்கத்து மக்களுக்கு இந்தச் சபை நூறாண்டுக்கும் மேலாகப் பழக்கம்.

2. சானிடேரியம். மருத்துவமனை, ஓய்வு விடுதி, உடற்பயிற்சிக் கூடம், உணவுப் பள்ளி எல்லாம் கலந்த ஓர் இடம். காசநோயாளிகளைத் தங்கவைத்த 'சானடோரியம்' என்ற சொல்லைக் கொஞ்சம் மாற்றி, நலமாக வாழக் கற்றுக்கொள்ளும் இடம் என்ற பொருளில் கெல்லாக் இதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்.

3. குடல் நஞ்சுக் கோட்பாடு. பெருங்குடலில் தேங்கும் மலத்திலிருந்து நஞ்சு ஊறி ரத்தத்தில் கலக்கிறது, தலைவலி முதல் மனச்சோர்வு வரை எல்லா நோய்க்கும் அதுவே மூலம் என்ற கருத்து. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பியப் பெரிய மருத்துவர்களே இதை நம்பினார்கள்.

4. யூஜெனிக்ஸ். 'நல்ல' பரம்பரைக்காரர்கள் அதிகம் பிள்ளை பெற வேண்டும், 'கெட்ட' பரம்பரைக்காரர்கள் பெறவே கூடாது என்று மனிதரைக் கால்நடை இனப்பெருக்கம் போல நடத்தச் சொன்ன கொள்கை. தமிழில் இனமேம்பாட்டியல் என்கிறோம். அந்த நாளில் அது அறிவியல் என்றே கருதப்பட்டது.

## துடைப்பப் பட்டறையிலிருந்து

ஜானின் தந்தை பேட்டில் கிரீக்கில் துடைப்பம் செய்யும் பட்டறை வைத்திருந்தார். குடும்பம் அட்வென்டிஸ்ட் நம்பிக்கையில் ஊறியது. கிறிஸ்து எப்போது வேண்டுமானாலும் வந்துவிடுவார் என்றிருக்கும்போது பிள்ளைகளுக்கு நீண்ட படிப்பு எதற்கு என்ற எண்ணம் அந்த வீட்டில் இருந்தது. பையன் சிறிது காலம் பள்ளிக்குப் போனான், பிறகு துடைப்பம் கட்டப் போனான்.

பன்னிரண்டு வயதில் திசை மாறியது. சபையின் நிறுவனர்களான ஜேம்ஸ் வைட், எலன் வைட் தம்பதியர் அவனைத் தங்கள் அச்சகத்தில் சேர்த்துக்கொண்டார்கள். எலன் வைட் தரிசனங்கள் கண்டதாகச் சபை நம்பும் பெண்மணி. 1863 ஜூனில் அவர் கண்ட தரிசனம் முழுக்க உடல்நலத்தைப் பற்றியது: இறைச்சி, மது, புகையிலை, காரசாரம் இவற்றைத் தவிர்த்து, சுத்தமான காற்றும் நீரும் கொண்டு உடம்பைப் பேணுவது மனிதரின் மதக் கடமை. இதை விளக்கி அவர் எழுதியவற்றுக்கு அச்சுக் கோத்தவர்களில் அந்தச் சிறுவனும் ஒருவன். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கி, பிழை திருத்தி, திரும்பப் படித்துப் பார்க்கிற வேலை அது. ஒரு கருத்து மனதில் பதிவதற்கு அதைவிட அழுத்தமான வழி இருக்க முடியாது. அந்த வயதில் கையால் கோத்ததைத்தான் கடைசிவரை அவர் நடைமுறைப்படுத்தினார்.

1866இல் சபை அதே ஊரில் ஒரு சிறிய நலவாழ்வு நிலையத்தைத் தொடங்கியது. நீர் சிகிச்சையும் பத்தியச் சாப்பாடும் இருந்தன, தேர்ந்த மருத்துவர் இல்லை. வைட் தம்பதியர் அந்தக் குறையைத் தீர்க்க ஜானைப் படிக்க அனுப்பினார்கள். முதலில் நியூ ஜெர்சியில் மருந்தில்லா மருத்துவம் கற்பித்த ஒரு கல்லூரி. அது போதாது என்று அவருக்கே தோன்றியது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார், பிறகு நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனைக் கல்லூரிக்குப் போய் 1875இல் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே, 24 வயதில், நிலையத்தின் தலைமைப் பொறுப்பு அவர் கைக்கு வந்தது.

இந்த இடத்தைக் கவனமாகப் பார்க்க வேண்டும். போலி மருத்துவர் என்று சிலர் அவரை ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுகிறார்கள். அவர் முறையாகப் படித்த மருத்துவர், கைதேர்ந்த அறுவை நிபுணர். வாழ்நாளில் 22,000க்கும் மேற்பட்ட அறுவைகள் செய்தவர். சிக்கல் அவரது படிப்பில் இல்லை. முடிவு தரிசனத்தில் ஏற்கெனவே வந்துவிட்டது, அதற்கு ஆதாரம் தேடுவதுதான் அறிவியலின் வேலை என்று அவர் நினைத்ததில் இருக்கிறது.

## சானிடேரியம் நடந்த விதம்

கெல்லாக் பொறுப்பேற்றபோது நோயாளிகள் விரல்விட்டு எண்ணும்படி இருந்தார்கள். முப்பது ஆண்டுகளில் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கானோர் வந்து தங்கினார்கள். தாமஸ் எடிசன், ஹென்றி ஃபோர்டு, அமேலியா இயர்ஹார்ட், முன்னாள் குடியரசுத் தலைவர் டாஃப்ட் என்று விருந்தினர் பட்டியல் நீளும்.

வந்தவர்களுக்கு அசைவம் இல்லை, மது இல்லை, காபி டீ கிடையாது. அதிகாலை மூச்சுப் பயிற்சி, கூட்டு உடற்பயிற்சி. உணவை நன்றாக மென்று கூழாக்கித்தான் விழுங்க வேண்டும் என்பதை ஒரு பாட்டாகவே கட்டிச் சாப்பாட்டுக் கூடத்தில் பாடவைத்தார்கள். உட்கார்ந்தால் உடம்பைக் குலுக்கும் நாற்காலி, குதிரைபோல ஆடும் இயந்திரம், வயிற்றைப் பிசையும் கருவி என்று கெல்லாக் வடிவமைத்த சாதனங்கள் வரிசையாக இருந்தன. மின்விளக்குகள் பதித்த பெட்டிக்குள் உடம்பை நுழைத்து வியர்க்கவைக்கும் 'விளக்குக் குளியல்' 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் காட்டப்பட்டு ஐரோப்பாவரை போனது.

எல்லாவற்றுக்கும் மேலே எனிமா. மனிதர் நாளொன்றுக்கு மூன்று நான்கு முறை மலம் கழிக்க வேண்டும் என்பது கெல்லாக்கின் உறுதியான கருத்து. குடலைத் தண்ணீரால் கழுவிய பிறகு, நல்ல நுண்ணுயிர்கள் குடியேறட்டும் என்று தயிரையும் கொடுத்தார்: பாதி வாய்வழி, பாதி மறுவழி.

அவர் செல்வர்களுக்கு மட்டும்தான் மருத்துவம் பார்த்தார் என்று நினைக்க வேண்டாம். கெல்லாக் 1893இல் சிகாகோவின் ஏழைப் பகுதியில் இலவச மருத்துவப் பணியைத் தொடங்கினார். அவரும் மனைவி எல்லாவும் தங்களுக்கென்று பிள்ளை பெற்றுக்கொள்ளவில்லை. நாற்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகளை வீட்டில் வைத்து வளர்த்தார்கள், அவர்களில் சிலரைச் சட்டப்படி தத்தெடுத்தார்கள். இந்த ஈரத்தையும் பின்னால் வரப்போகும் கொடுமையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் அந்த மனிதரைப் பார்க்க முடியும்.

## செதில் பிறந்த கதை

அன்றைய அமெரிக்கக் காலை உணவு பன்றி இறைச்சியும் பொரித்த உருளைக்கிழங்குமாக எண்ணெய் மிதக்கும். அதைக் கண்டு அஞ்சிய சைவ மருத்துவருக்கு ஒரு நடைமுறைச் சிக்கல் இருந்தது. தானியத்தைக் கஞ்சியாகக் காய்ச்ச மணிக்கணக்கில் ஆகும். நோயாளி அதை மெல்லாமல் விழுங்கிவிடுவார். மெல்லாமல் போனால் எச்சிலில் மாவுச்சத்து உடையாது. எனவே மெல்லக்கூடியதாக, ஏற்கெனவே வெந்ததாக, உலர்ந்ததாக ஓர் உணவு வேண்டும். தானியத்தை நன்றாகச் சுட்டால் மாவுச்சத்து ஓரளவு உடைந்து டெக்ஸ்ட்ரின் ஆகும், பாதிச் செரிமானம் அடுப்பிலேயே முடிந்துவிடும் என்பது அவர் கணக்கு.

முதலில் இருமுறை சுட்ட கெட்டி ரொட்டியைக் கொடுத்தார். அதைக் கடித்ததில் ஒரு மூதாட்டியின் பொய்ப்பல் உடைந்துபோய், அவர் பத்து டாலர் நஷ்டஈடு கேட்டார் என்று கெல்லாக் பிற்காலத்தில் சொல்லிவந்தார். பிறகு பல தானியங்களைச் சுட்டு உடைத்த ஒரு பொடி வந்தது. அதற்கு 'கிரானுலா' என்று பெயர் வைத்தார். அந்தப் பெயரில் நியூயார்க் மாநிலத்தின் டேன்ஸ்வில் ஊரில் ஜேம்ஸ் ஜாக்சன் என்ற மருத்துவர் 1863லிருந்தே ஒரு பண்டம் செய்துவந்தார். அவர் ஆட்சேபித்ததால் ஓர் எழுத்து மாறி 'கிரானோலா' ஆனது. இன்று சூப்பர் மார்க்கெட் அலமாரியில் நாம் பார்க்கும் பெயரின் பூர்வீகம் அதுதான்.

செதில், அதாவது ஃபிளேக், வந்தது 1894இல். சானிடேரியத்தின் அடுக்களையில் ஜானும் அவர் தம்பி வில்லும் வேகவைத்த கோதுமை மாவைப் பிசைந்து உருளைகளுக்கு இடையே விட்டு மெல்லிய தகடாக்க முயன்றுகொண்டிருந்தார்கள். மாவு உருளையில் ஒட்டிக்கொண்டு பசையாகத்தான் வந்தது. ஒருமுறை வேறு வேலை குறுக்கிட்டதில் வெந்த கோதுமை அப்படியே கிடந்து பழசாகிப்போனது. வீணாக்க மனமில்லாமல் அதையே உருளையில் விட்டார்கள். தகடு வரவில்லை. ஒவ்வொரு கோதுமை மணியும் தனித்தனியாக நசுங்கி ஒரு செதிலாக விழுந்தது. சுட்டால் மொறுமொறுவென்று இருந்தது.

ஏன் அப்படி ஆனது? வெந்த உடனே தானியத்தின் மேல்புறம் ஈரமாகவும் நடுப்பகுதி அவ்வளவு ஈரமில்லாமலும் இருக்கும். நேரம் கொடுத்தால் ஈரம் மணி முழுவதும் சமமாகப் பரவுகிறது, வெந்த மாவுச்சத்தும் ஓரளவு இறுகுகிறது. அப்போது அழுத்தினால் மணி பிசுபிசுக்காது, உடையவும் செய்யாது, தட்டையாகும். அவல் இடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். நெல்லை ஊறவைத்து, வடித்து, வறுத்து, பதம் பார்த்து இடித்தால்தான் அவல் தட்டையாக விழும். பதம் தப்பினால் நொய்தான். உலக்கைக்குப் பதிலாக இரும்பு உருளை, நெல்லுக்குப் பதிலாகக் கோதுமை, கடைசியில் அடுப்புச் சூடு. வேறுபாடு அவ்வளவே.

1895 மே மாதம் கெல்லாக் காப்புரிமைக்கு மனுச் செய்தார், 1896 ஏப்ரலில் கிடைத்தது. கோதுமை மட்டுமன்றி பார்லி, ஓட்ஸ், மக்காச்சோளம் முதலியவற்றையும் அது உள்ளடக்கியது. அந்த ஆவணத்தில் உணவின் நோக்கம் எழுதப்பட்டிருக்கிறது: மறுபடி சமைக்காமலே எளிதில் செரிக்கக்கூடியது, சத்தும் சுவையும் உள்ளது, நோயாளிகளுக்கும் நோயிலிருந்து தேறிவருகிறவர்களுக்கும் ஏற்றது.

## அப்படியானால் அந்தச் சுயஇன்பக் கதை?

படிப்படியாகப் பார்ப்போம்.

1. சுயஇன்பத்தைக் கெல்லாக் கொடிய நோயாகவும் பாவமாகவும் கருதினார் என்பது உண்மை. 1877இல் முதலில் வெளிவந்து பலமுறை விரிவாக்கப்பட்ட அவரது பாலியல் அறிவுரை நூலில் பக்கம் பக்கமாக இதை எழுதியிருக்கிறார்.

2. இறைச்சி, மிளகு, மசாலா போன்ற 'சூடான' உணவு காமத்தைக் கிளறும், சப்பென்ற தானிய உணவு அடக்கும் என்று அவர் நம்பியதும் உண்மை. இது அவரது சொந்தக் கண்டுபிடிப்பு கிடையாது. சில்வெஸ்டர் கிரகாம் என்ற பிரசங்கியார் 1830களிலேயே இதைப் பரப்பியிருந்தார்.

3. ஆனால் செதிலை உருவாக்கியதன் நோக்கமாகச் செரிமானத்தைத்தான் சொன்னார். காப்புரிமை ஆவணமும் அதையே சொல்கிறது. காமத்தை அடக்கும் உணவு என்று கார்ன் ஃபிளேக்ஸை விற்கவில்லை.

ஆக, வலைத்தளச் செய்தி ஒரு மனிதரின் இரண்டு நம்பிக்கைகளை எடுத்து, நடுவில் இல்லாத ஒரு முடிச்சைப் போடுகிறது. அப்படி முடிச்சுப் போடுவதில் பெரிய நஷ்டம் ஒன்று இருக்கிறது. படிப்பவர் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். அந்த நூலில் உள்ள சிரிக்க முடியாத பகுதி மறைந்துபோகிறது. சிறுவர்களுக்கு மயக்க மருந்து கொடுக்காமலே முன்தோலை நீக்க வேண்டும், அந்த வலி மனதில் தண்டனையாகப் பதிவது நல்லது என்று அவர் எழுதினார். பெண் பிள்ளைகளின் உறுப்பில் கார்பாலிக் அமிலம் தடவச் சொன்னார். குழந்தையைச் சித்திரவதை செய்யச் சொல்லும் மருத்துவ அறிவுரை இது. பட்டம் பெற்ற, மதிப்புமிக்க மருத்துவர் எழுதி, குடும்பங்கள் வீட்டில் வாங்கி வைத்த நூலில் இருந்தது. கெல்லாக் மீதான குற்றச்சாட்டைச் சொல்வதென்றால் இதைச் சொல்ல வேண்டும். காலை உணவைப் பற்றிய நகைச்சுவைத் துணுக்கு இதன் இடத்தை அடைத்துக்கொள்ளக் கூடாது.

## குடல் நஞ்சு: சரியான அறிவுரை, தவறான காரணம்

கெல்லாக்கின் மருத்துவத்தின் மையம் பெருங்குடல். இறைச்சி குடலில் அழுகி நஞ்சாகிறது, மலச்சிக்கல் அந்த நஞ்சை உடம்புக்குள் தேக்குகிறது, நாகரிக மனிதரின் நோய்களுக்கெல்லாம் அதுவே வேர் என்றார். ரஷ்ய விஞ்ஞானி மெட்ச்னிகோஃப் தயிரிலுள்ள நுண்ணுயிர்கள் முதுமையைத் தள்ளிப்போடும் என்று சொன்னது அவருக்குப் பெரும் பலமாக அமைந்தது.

கோட்பாடு ஏன் சரிந்தது என்பது சுவையான விஷயம். மலச்சிக்கல் உள்ளவருக்குத் தலைவலியும் சோர்வும் இருப்பது உண்மைதான். ஆனால் மலம் கழித்த சில நிமிடங்களில் அவை மறைந்துவிடுகின்றன. நஞ்சு ரத்தத்தில் கலந்திருந்தால் இவ்வளவு விரைவில் எப்படித் தீரும்? அமெரிக்க மருத்துவர் வால்டர் அல்வாரெஸ் 1919இல் இந்தக் கேள்வியை எழுப்பினார். குடல் விரிந்து நரம்புகள் தூண்டப்படுவதே காரணம் என்றார். பிறகு மலக்குடலில் வெறும் பஞ்சை அடைத்துப் பார்த்த பரிசோதனையிலும் அதே தலைவலியும் சோர்வும் வந்தன. பஞ்சில் நஞ்சு கிடையாது.

இப்படியொரு எளிய சோதனையைக் கெல்லாக் ஏன் செய்யவில்லை? அவருக்கு ஆயிரக்கணக்கில் நோயாளிகள் இருந்தார்கள், ஆய்வகம் இருந்தது, பணம் இருந்தது. ஒரு குழுவுக்கு எனிமா, மற்றொரு குழுவுக்கு எனிமா இல்லாமல் அதே ஓய்வும் அதே உணவும் என்று வைத்துப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. மதுவையும் புகையிலையையும் விட்டு, சைவம் சாப்பிட்டு, தினமும் நடந்து, நேரத்தோடு தூங்கினால் பெரும்பாலோருக்கு உடம்பு தேறத்தான் செய்யும். தேறியவர் எனிமாவுக்கும் விளக்குப் பெட்டிக்கும் குலுக்கு நாற்காலிக்கும் சேர்த்து நன்றி சொல்லிவிட்டுப் போனார். எது வேலை செய்தது என்று பிரித்தறிய வழியே இல்லாமல் போனது.

அவர் சொன்னவற்றில் நின்றதும் சரிந்ததும் இன்றைக்கு ஓரளவு தெளிவாக இருக்கிறது.

1. புகையிலை பற்றி 1922இல் தனி நூலே எழுதினார். நுரையீரல் புற்றுநோய்க்கும் புகைப்பழக்கத்துக்கும் உள்ள தொடர்பு பெரிய ஆய்வுகளில் உறுதியானது 1950இல்தான். இதில் அவர் மற்ற மருத்துவர்களைவிட வெகுதூரம் முன்னால் நின்றார்.

2. முழுத் தானியம், கொட்டைகள், காய்கறி, உடற்பயிற்சி பற்றிய அறிவுரையின் பெரும்பகுதி நின்றுவிட்டது. கலிஃபோர்னியாவின் அட்வென்டிஸ்ட் மக்களை ஆராய்ந்து 2001இல் வெளியான ஆய்வில், அங்குள்ள பிறரைவிட அவர்களில் ஆண்கள் சுமார் 7 ஆண்டுகளும் பெண்கள் 4 ஆண்டுகளுக்கு மேலும் கூடுதலாக வாழ்வதாகத் தெரிந்தது. இதில் புகைபிடிக்காததன் பங்கு பெரிது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

3. குடல் நுண்ணுயிர்களுக்கு உடல்நலத்தில் பங்கு உண்டு என்பது இன்று பெரிய ஆய்வுத்துறை. இதைக் காட்டிக் கெல்லாக் அன்றே சொன்னார் என்கிறார்கள். அவர் சொன்னது அழுகல் நஞ்சு. இன்றைய ஆய்வு பேசுவது வேறு.

4. குடலைக் கழுவுவது பிழைத்துக்கொண்டது, அறிவியலில் அல்ல, வியாபாரத்தில். 'டீடாக்ஸ்' என்ற பெயரில் இன்றும் விற்கிறார்கள். நம் ஊரில் பேதிக்குக் கொடுத்து வயிற்றைச் சுத்தம் செய்யும் பழைய நம்பிக்கை அதற்குக் கூடுதல் வரவேற்பைத் தருகிறது. நலமாக உள்ளவருக்கு இதனால் பலன் உண்டு என்பதற்கு ஆதாரமில்லை. உப்புச் சமநிலை கெடுவது, அரிதாகக் குடலில் ஓட்டை விழுவது வரை ஆபத்துகள் உண்டு.

## சபை அவரை ஏன் நீக்கியது

சபையின் செல்லப்பிள்ளையை 1907 நவம்பரில் சபையே நீக்கியது. இரண்டு காரணங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கிடந்தன.

அதிகாரம் முதலாவது. மருத்துவப் பணி சபையைவிடப் பெரிதாக வளர்ந்து, கெல்லாக் யாருக்கும் கட்டுப்படாதவராக ஆகியிருந்தார். 1902 பிப்ரவரி 18 அன்று சானிடேரியம் எரிந்து சாம்பலானது. சிறியதாகக் கட்டினால் போதும் என்று சபைத் தலைவர்கள் விரும்பினார்கள். முன்னிலும் பெரிதாகவே கட்டினார் கெல்லாக். 1903 மே மாதம் திறப்பு விழா நடந்தது.

இறையியல் இரண்டாவது. கட்டடத்துக்குப் பணம் திரட்ட அவர் எழுதிய நூலுக்கு 'உயிருள்ள ஆலயம்' என்று பெயர். மனித உடம்பே ஆலயம், அதன் ஒவ்வொரு உயிரணுவிலும் கடவுள் நேரில் இயங்குகிறார் என்பது அதன் சாரம். மரத்துக்குள் மரத்தை உண்டாக்குகிறவர் இருக்கிறார், பூவுக்குள் பூவை உண்டாக்குகிறவர் இருக்கிறார் என்று எழுதினார். தூணிலும் இருப்பார் துரும்பிலும் இருப்பார் என்று கேட்டு வளர்ந்த நமக்கு இதில் என்ன தவறு என்றே தோன்றும். அட்வென்டிஸ்ட் சபைக்கு இது அடிவேரில் வைத்த கோடரி. 1844இல் கிறிஸ்து பூமிக்கு வராததற்கு அவர்கள் தந்த விளக்கம், அவர் அன்று பரலோகத்திலுள்ள ஆலயத்தில் தம் இறுதிப் பணியைத் தொடங்கினார் என்பது. கடவுள் மரத்திலும் மலரிலும் உயிரணுவிலும் நிறைந்திருக்கிறார் என்றால், பரலோகத்தில் தனியே ஓர் ஆலயம் எதற்கு? சபை பிறந்த காரணமே கரைந்துபோகும். கெல்லாக்கைத் தாய்போல வளர்த்த எலன் வைட்டே அந்த நூலை வெளிப்படையாகக் கண்டித்தார். சபை தன் தலைமையகத்தை பேட்டில் கிரீக்கிலிருந்து வாஷிங்டன் பக்கம் மாற்றிக்கொண்டது. கட்டடமும் புகழும் கெல்லாக்கிடமே நின்றன.

## அண்ணனும் தம்பியும்

வில் கெல்லாக் அண்ணனைவிட எட்டு வயது இளையவர். கால் நூற்றாண்டு சானிடேரியத்தின் கணக்கு வழக்கு, கடிதம், கொள்முதல், சில்லறை வேலை எல்லாம் அவர் தலையில்தான். சம்பளம் குறைவு, மரியாதை அதைவிடக் குறைவு.

1891இல் நோயாளியாக வந்து தங்கிய சி. டபிள்யூ. போஸ்ட், போனபின் அதே ஊரில் 1895இல் தானியப் பானத் தொழில் தொடங்கிக் கோடீஸ்வரரானார். அதைப் பார்த்து வில் துடித்தார். மருத்துவர் வணிகம் செய்வது அழகல்ல என்று அண்ணன் தயங்கினார். கடைசியில் 1906 பிப்ரவரியில் வில் தனியாக நிறுவனம் தொடங்கி, மக்காச்சோளச் செதிலில் சர்க்கரை சேர்த்து, பெட்டிமேல் தன் கையெழுத்தையே அச்சடித்து விற்றார். சர்க்கரை அண்ணனுக்கு விஷம் மாதிரி. இன்று உலகம் தின்னும் கார்ன் ஃபிளேக்ஸ் வில்லுடையது. அதை நோயாளி உணவு என்று ஜான் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்.

பிறகு ஜானும் கெல்லாக் என்ற பெயரிலேயே தன் உணவுகளை விற்க ஆரம்பித்தார். பெயர் யாருக்குச் சொந்தம் என்று 1910லிருந்து வழக்குகள். 1920இல் மிச்சிகன் உச்ச நீதிமன்றம் வில்லுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை அதோடு அநேகமாக நின்றுபோனது.

## தூய்மை மனிதர்மேல் திரும்பியபோது

சபையைவிட்டு வந்தபின் கெல்லாக்கின் மதம் குறையவில்லை, இடம் மாறியது. ஓர் உடம்பைச் சுத்தப்படுத்துவது போய், மனித குலத்தையே சுத்தப்படுத்தும் ஆசை வந்தது. 'இனமேம்பாட்டு அறக்கட்டளை' நிறுவினார். 1914 ஜனவரியில் சானிடேரியத்திலேயே முதல் தேசிய மாநாடு நடந்தது. அடுத்தது 1915இல் சான் ஃபிரான்சிஸ்கோவில், மூன்றாவது 1928இல் மறுபடியும் பேட்டில் கிரீக்கில். குதிரைக்கும் நாய்க்கும் வம்சப் பதிவேடு இருப்பதுபோல மனிதருக்கும் வேண்டும் என்று வலியுறுத்தினார். வெள்ளையரும் பிற இனத்தவரும் கலந்து மணப்பதை எதிர்த்தார். கறுப்பினக் குழந்தைகளைத் தன் வீட்டில் வளர்த்த அதே மனிதர்.

அவர் மட்டுமே இதைச் சொன்னார் என்பதில்லை. பேராசிரியர்கள், நீதிபதிகள், ஆளுநர்கள் பலர் அந்த அலையில் இருந்தார்கள். மிச்சிகன் மாநிலம் 1913இல் கட்டாயக் கருத்தடைச் சட்டம் கொண்டுவந்தது. காலப்போக்கில் அங்கே 3,700க்கும் மேற்பட்டோர் அப்படிக் கருத்தடை செய்யப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் மனநலக் காப்பகங்களிலும் அதுபோன்ற இல்லங்களிலும் இருந்தவர்கள். அந்த எண்ணிக்கையைக் கெல்லாக் ஒருவர்மேல் ஏற்றுவது சரியில்லை. ஆனால் இந்தக் கொள்கைக்கு மரியாதையான மேடையும், மருத்துவரின் வெள்ளைக் கோட்டும், பணமும் கொடுத்தவர்களில் அவர் முக்கியமானவர்.

பலர் இதை அவர் வாழ்க்கையின் தனி அத்தியாயம்போல ஒதுக்கிவைத்து எழுதுகிறார்கள். எனக்கு அது ஏற்கத்தக்கதாகத் தெரியவில்லை. குடலில் அழுக்கு, சிறுவன் மனதில் அழுக்கு, இனத்தின் ரத்தத்தில் அழுக்கு: மூன்றையும் அவர் ஒரே கண்ணால் பார்த்தார். அழுக்கு என்று முடிவுகட்டிய பிறகு, கழுவப்படுகிறவரின் வலியும் விருப்பமும் கணக்கில் வரவே இல்லை.

## கடைசி ஆண்டுகள்

1928இல் சானிடேரியம் பதினைந்து மாடிக் கோபுரத்தோடு விரிவடைந்தது. அடுத்த ஆண்டே பங்குச் சந்தை சரிந்தது. செல்வந்தர்கள் வருவது நின்றது, 1933இல் நிறுவனம் கடனைத் தீர்க்க முடியாமல் நீதிமன்றம் நியமித்த பொறுப்பாளரின் கண்காணிப்புக்குப் போனது. கெல்லாக் ஃபுளோரிடாவில் ஒரு சிறிய நிலையம் நடத்தி, எண்பது வயதிலும் சோயாப் பாலைப் புளிக்கவைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். 1942இல் பேட்டில் கிரீக் கட்டடத்தை அமெரிக்க ராணுவம் வாங்கி, போரில் கைகால் இழந்தவர்களுக்கான மருத்துவமனை ஆக்கியது. பிற்காலத்தில் செனட் உறுப்பினர்களான பாப் டோல், டேனியல் இனோயே, பிலிப் ஹார்ட் மூவரும் அங்கே சிகிச்சை பெற்றவர்கள். இன்று அந்தக் கட்டடம் அவர்கள் பெயரைத் தாங்கிய அரசு அலுவலகம்.

கெல்லாக் 1943 டிசம்பர் 14 அன்று பேட்டில் கிரீக்கில் இறந்தார். தம்பி வில் 1951இல், அதே 91 வயதில். ஊரிலுள்ள ஓக் ஹில் கல்லறைத் தோட்டத்தில் இருவரும் அடக்கம் செய்யப்பட்டார்கள். எலன் வைட்டும் சி. டபிள்யூ. போஸ்ட்டும் அவர்களுக்கு முன்பே அங்கே வந்துவிட்டவர்கள்.